நந்தவன வழியும் வலம்வரும் நடையும்

சைவ பாடசாலைகளிலே சமயபாடம் கற்பிக்கும் ஆசிரியர்காள்! பிரதட்சிண விதியை நம் மாணாக்கர் யாவரும் அறிவர். ஆறுமுகநாவலரவர்கள் செய்த சைவவினாவிடையைப் பயின்ற பிள்ளை, கைகூப்பி, திருநாமம் மொழிந்து, மெல்லென அடிவைத்து வலம்வருக என்று தடையின்றி விடையிறுக்கும். விநாயகருக்கு ஒன்று, சூரியனுக்கு இரண்டு, சிவபெருமானுக்கு மூன்று முதலாக, உமாதேவியாருக்கு நான்கு என்னும் கணக்கும் பிழைபடாது. பிழைபடுவது நடையே.

மூன்றாண்டின் முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேம். பொன்னம்பல முதலியார் 1857இல் தாபித்த அக்கோயிலை அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கற்றிருப்பணியாகப் புதுக்குவித்தார். அக்கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலிற் பட நடப்பதே ஒரு பேறு. எம் பிள்ளைகளோ ஓட்டமும் நடையுமாய் மூன்று சுற்றையும் முடித்துக் கொடிமரத்தருகே மூச்சிரைத்து நின்றனர். “ஐயா, நான்தான் முதல்” என்றான் ஒருவன். பரீட்சையிலே பிரதட்சிண வினாவுக்கு முழுப்புள்ளி பெற்றவனும் அவனே. கடிந்துரைக்க வாயெடுத்த யாம், அன்று காலை புறக்கோட்டைச் சந்தடியிலே பேருந்தின் பின் ஓடியதை நினைந்து வாளாவிருந்தேம். விதியைப் புகட்டினேம், நடையைப் பழக்கிலேம்.

இளமையிலே யாம் மிஷன் பாடசாலையிற் படித்தேம். அங்கே வெள்ளைக்கல் ஓரங்கட்டிய தோட்டப் பாதையிலே வரிசையாய் நடத்தல் வேண்டும், ஓடினார்க்குப் பிரம்படி. அவ்வொழுங்கினால் யாம் பெற்ற நன்மையை மறுக்கிலேம். ஆயினும் அது காண்பார் கண்ணுக்கு அஞ்சிய நடை; படலை தாண்டியவுடன் ஓடினேம்.

உள்ளிருந்து எழும் நடையைப் பழக்குமிடம் நந்தவனம். நாற்பாதங்களுள் முதலதாகிய சரியையிலே திருவலகிடுதலும் மெழுகுதலும் நந்தவனம் வைத்தலும் அடங்கும். இவையெல்லாம் உடம்பின் தொழில்கள். திருநாவுக்கரசு நாயனார் கையில் உழவாரம் ஏன் என்பதைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுக. புற்செதுக்குவோன் ஓரடி முடித்தே மற்றோரடி வைப்பான். விரைந்தால் வேர் எஞ்சும். திருப்புகலூர் முருகநாயனார் வைகறையில் நீராடிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகையும் கொய்தார். பூக்கொய்வோன் பேசலாகாது, கூடையை அரைக்குக் கீழே தொங்கவிடலாகாது. இவ்விரண்டையும் காப்பவன் எங்ஙனம் ஓடுவான்?

எமக்கு மிக இனியவர் தண்டியடிகள். பிறவியிலேயே கண்ணிலராகிய அவர், திருவாரூர்த் திருக்குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவித் தடவி நடந்து மண் சுமந்தார். இக்கதையைச் சொன்ன அன்றே பாடசாலை முற்றத்திற் கயிறு கட்டி, பிள்ளைகளைக் கண்மூடி நடக்கச் செய்தேம். முதற் பத்தடிக்குச் சிரிப்பு, அதன்பின் ஓசையில்லை. ஒவ்வொரு காலும் நிலத்தைக் கேட்டுக் கேட்டு ஊன்றியது.

புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் நந்தவனத்துக்கு நிலமேது என்பீர். எமக்குக் கிடைத்தது மதிலோரம் இருபதடி நீளம். பழைய தகரங்களிலே செவ்வரத்தை, நந்தியாவட்டை, துளசி வைத்து, நடுவே ஒருவர் நடக்குமளவு மணல் பரப்பினேம். பௌத்த ஆரணியங்களிலே பிக்குகள் கருத்தூன்றி நடத்தற்கென்றே இத்தகைய மணற்பாதை உண்டு. சிங்களத்தில் அந்நடையைச் சக்மன் என்பர். அயலார் போற்றுவதை நாம் விதியளவில் நிறுத்தியது வியப்பே. தலையில் எண்ணெய்க்குடம் தாங்கிய நிறைசூலியின் நடையைப் பெரியோர் வலம்வருதற்கு உவமை கூறுவர். அதனை நினைந்து, நீர் நிறைந்த செம்பை இரு கையாலும் ஏந்தி அம்மணலில் நடந்து செடிக்கு வார்க்கச் செய்கின்றேம்.

அன்று முதலில் ஓடிவந்தவன் இப்பொழுது எட்டாம் வகுப்பு. சென்ற வாரம் வெறுஞ்செம்போடு எம்மிடம் வந்து, “ஐயா, இன்றைக்கு இரண்டு துளிதான் சிந்தியது” என்றான். செம்பைப் புதியோர்க்கு விளிம்புவரை நிரப்பல் வேண்டா, கழுத்தளவு அமையும்.