முல்லைத்தீவுக்குப் போகும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

உளவளத்துணைப் பயிற்சியை முடித்து முல்லைத்தீவில் வேலைக்குச் சேரப்போவதாக எழுதியிருந்தீர். அங்குள்ள சனத்தின் துயரத்தை உம்மால் தாங்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர். நீர் வருமுன் அந்தச் சனம் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்கினார்கள் என்பதை முதலில் விசாரியும். அது தெரியாமல் எந்த வீட்டுப் படலையையும் திறவாதேயும்.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைகளுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஏராளம். நடந்ததை உடனே வாய்விட்டுச் சொல்லவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறி எடுக்கும் அந்த முறை மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று அதற்கு முன்பே ஆய்வுகள் வந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கேட்பது மிகக் கொஞ்சம்தான்: பார், செவிகொடு, தேவையான உதவியோடு சேர்த்துவிடு. பேச விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. ஒரு தாய் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கிடுகு பின்னிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருந்து நீரும் ஒன்றைப் பின்னும்.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் நோயாளரைப் பார்த்தவர். காயம் தனித்தனி மனங்களோடு நிற்பதில்லை, குடும்பமும் அயலும் ஊருமே காயப்படுகின்றன என்பதைக் கூட்டு மனவடு என்று விளக்கி எழுதியவர். அவர் சொல்வது விளங்க வேண்டுமென்றால் ஒரு செத்தவீட்டை நினைத்துப் பாரும். அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். அயலட்டையிலிருந்து சாப்பாடு வரும். இளந்தாரிகள் பந்தல் போடுவார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். பிறகு எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், தகப்பனுக்கென்றால் ஆடி அமாவாசை. எப்போது அழுவது, எப்போது எழும்பிக் குளித்துச் சோறு தின்பது என்று துக்கக்காரர் தனியே யோசிக்கத் தேவையில்லை. ஊர் கையைப் பிடித்து அழைத்துப்போகும்.

2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் இதில் எதுவும் நடக்கவில்லை. செத்தவர்களைப் பதுங்குகுழியிலேயே மண் தள்ளி மூடிவிட்டு ஓடினார்கள், மூடக்கூட முடியாமலும் ஓடினார்கள். பிறகு ஏறக்குறைய 3 லட்சம் பேர் வவுனியா முகாம்களில் அடைபட்டபோது ஒரே ஊர்க்காரர்கூட வேறுவேறு இடங்களில் சிதறிப்போனார்கள். பந்தல் போட ஆளில்லை, சாப்பாடு கொண்டுவர அயலில்லை.

ஒவ்வொரு மே மாதமும் தெருவோரத்தில் கிடாரம் வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதைக் காண்பீர். கடைசி நாட்களில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கஞ்சியின் நினைவு அது. அதை அரசியல் என்று மட்டும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அன்று நடக்காத செத்தவீடு இன்று நடப்பதாகவே தெரிகிறது. அயல் திரும்பக் கூடிச் சமைக்கிறது, வழியால் போகிறவருக்கும் ஊற்றிக் கொடுக்கிறது. நீட்டினால் வாங்கிக் குடியும். நீர் கற்ற எந்தக் குழுச் சிகிச்சைக்கும் அது குறைந்ததல்ல.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இந்த வழியும் அடைத்துக் கிடக்கிறது. திவசம் செய்தால் பிள்ளையைத் தாங்களே கொன்றது போலாகும் என்று அஞ்சுகிறார்கள். 2017 மாசி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கொட்டில் போட்டுப் போராடத் தொடங்கிய தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். முடிவு தெரியாத இழப்பு குணப்படுத்த வேண்டிய நோயல்ல, அந்த நிலைமைதான் கோணலானது என்று பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். ஆகவே அந்தத் தாய்மாரிடம் “ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா” என்று ஒருநாளும் சொல்லாதேயும். அது கொடுமை. அந்தக் கொட்டிலில் ஒருத்தியின் மகன் படத்தை இன்னொருத்தி தூக்கிப் பிடிக்கிறாள் என்றால், அந்தப் பிடி தளராமல் இருக்க என்ன உதவி வேண்டும் என்று கேளும்.

இன்னொன்று. “வன்னிச் சனம் எதையும் தாங்கும்” என்று பாராட்டுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு கேட்கவே பிடிக்காது. தாங்குவார்கள் என்று சொல்லிச் சொல்லித்தானே நீதியும் காணியும் பிந்திப் பிந்திப் போகின்றன! குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஒரு பெண்ணுக்கு நித்திரை வராததற்குக் காரணம் எப்போதும் ஷெல் சத்தத்தின் நினைவாக இருக்காது. நுண்கடன் தவணை கேட்டுக் காலையில் படலைக்கு வரும் மோட்டார் சைக்கிளாகவும் இருக்கலாம். அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு எழும்பி வந்தால் வேலை முடிந்ததாகாது. பிரதேச செயலகத்துக்கு அவளோடு கூடப் போக வேண்டியிருக்கும், மாதர் சங்கத்தில் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

உம்முடைய வேலையைக் கணக்கெடுக்கும் படிவம், எத்தனை பேருக்குத் தனியாக ஆலோசனை கொடுத்தீர் என்றுதான் கேட்கும். அதற்குரிய பதிலை நேர்மையாக எழுதும். அதன் கீழே, அந்த மாதம் யார் யாருடைய வீட்டுக்குப் போனார்கள், எந்தச் செத்தவீட்டுக்கு ஊர் திரும்பக் கூடியது என்பதையும் எழுதும். அடுத்த வரவுசெலவுத் திட்டம் போடும்போது, பெண்கள் கூடியிருக்கத் தேவையான பஸ் காசும் தேத்தண்ணிச் செலவும் சேர்த்துக் கேளும். முதல்முறை மறுப்பார்கள். திரும்பவும் கேளும்.

அன்புடன்,
அக்கா