கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பைக்கில் போகிறீர்களா?

நடுக்கோடு இடைவெளியில்லாமல் ஓடினால், முன்னால் டிராக்டர் ஊர்ந்தாலும் பின்னாலேயே போங்கள். டிராக்டர் 20 கி.மீ., நீங்கள் 50 கி.மீ. வேகம் என்றால், டிரெய்லரோடு சேர்த்துத் தாண்ட சுமார் 4 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் 55 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ்ஸும் 67 மீட்டர் வந்திருக்கும். வளைவிலும் மேட்டிலும் அத்தனை தூரம் கண்ணுக்குத் தெரியாது.

கோடு விட்டுவிட்டு வரும் இடத்திலும், வலப்பக்கம் வயலுக்கு மண்பாதை பிரிகிறதா என்று பாருங்கள். டிராக்டர் சிக்னல் போடாமலே திரும்பிவிடும். என்ஜின் இரைச்சலில் உங்கள் ஹாரன் டிரைவருக்குக் கேட்காமல் போகலாம். அவரே 'போ' என்று கைகாட்டினாலும், எதிர்ப்பாதையை நீங்களே பார்த்த பிறகு முந்துங்கள்.