குழந்தை குறட்டை விட்டால்...

பெரியவர்கள் குறட்டை விட்டால் கேலி செய்கிறோம். குழந்தை விட்டாலோ, "அப்படியே தாத்தா மாதிரி!" என்று ரசிக்கிறோம், அசந்து தூங்குகிறது என்று திருப்தி அடைகிறோம். சளி பிடித்தபோது நான்கு நாள் வந்து போகும் குறட்டைக்குப் பயப்பட வேண்டாம். சளி இல்லாதபோதும், வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் குறட்டை வந்தால் அது நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல. மூச்சு போகும் வழி குறுகியிருக்கலாம் என்பதன் அடையாளம். இடையிடையே மூச்சே தடைப்படுவதைத்தான் டாக்டர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். 100 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு இது இருக்கிறது.

ஏன் வருகிறது?

தொண்டையின் இருபுறமும் டான்சில் சதைகளும், மூக்கின் பின்னால் அடினாய்டு சதையும் உள்ளன. ஏறக்குறைய 2 முதல் 8 வயது வரை, சிறிய தொண்டைக்கு இவை பெரிதாகவே இருக்கும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் வழியைத் திறந்து வைக்கின்றன. தூக்கத்தில் தசைகள் தளர்ந்ததும் வழி அடைபடுகிறது. மார்பு ஏறி இறங்கும், காற்று போகாது. ரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை சட்டென்று தட்டி எழுப்ப, குழந்தை திணறி மூச்சு வாங்கி மறுபடி தூங்கும். ஓர் இரவில் பல முறை இப்படி நடந்தாலும் காலையில் குழந்தைக்கு நினைவிராது.

அதிக உடல் எடை, சிறிய தாடை, அலர்ஜி ஆகியவையும் காரணமாகலாம். தில்லிக் குளிர்காலத்தில் சன்னல்களை அடைத்துவிட்டு வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதும் கொசுவர்த்தி ஏற்றுவதும் மூக்கடைப்பை அதிகமாக்கும்.

பகலில் என்ன ஆகும்?

தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். குழந்தையோ பெரும்பாலும் நேர்மாறாக ஓடும், அடம் பிடிக்கும், பாடத்தில் மனம் செலுத்தாது. பள்ளி டயரியில் "கவனமில்லை" என்று எழுதி வரும். வீட்டில் அடி விழும். 1889-லேயே வில்லியம் ஹில் என்ற டாக்டர், படிப்பில் பின்தங்கும் சில குழந்தைகளுக்கு மூச்சுத்தடையே காரணம் என்று எழுதினார். 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் எட்டுக் குழந்தைகளிடம் இந்நோயை ஆராய்ந்து விவரித்தனர்.

கவனிக்க வேண்டியவை

1. குறட்டை திடீரென நின்று, பிறகு திணறலுடன் தொடங்குதல்.
2. வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குதல், மிகுந்த வியர்வை.
3. நின்றிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி வருதல்.
4. காலையில் தலைவலி, எரிச்சல், எடை ஏறாமை.

பச்சிளங்குழந்தை 5, 10 விநாடி மூச்சை நிறுத்திப் பின் விடுவது பெரும்பாலும் இயல்பே. ஆனால் 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, எந்த வயதிலும் உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

குழந்தை தூங்குவதைச் சட்டையைக் கழற்றி, மார்பு தெரியும்படி, சில நிமிடம் செல்போனில் படம் பிடித்துக் கொண்டு போங்கள். இந்தி தடுமாறினால், "ஸோதே ஸமய் கர்ராட்டே ஆதே ஹை, பீச் மே ஸான்ஸ் ருக் ஜாதீ ஹை" என்றால் போதும். காது மூக்கு தொண்டை நிபுணர் பார்ப்பார். தேவைப்பட்டால் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்வார்கள். உடலில் ஒயர்களை ஒட்டுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளைச் சேர்த்தனர். ஏழு மாதத்துக்குப் பின், சதைகளை அகற்றியவர்களில் 79 சதவீதத்தினருக்குப் பரிசோதனை முடிவு சீரானது. வெறுமனே காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குச் சீரானது. ஆனால் நடத்தையிலும் அன்றாட நலத்திலும் ஆபரேஷன் செய்தவர்களே அதிகம் தேறினர். ஆகவே லேசான தடைக்கு மூக்கு ஸ்பிரேயும் கண்காணிப்பும் போதலாம். கடுமையானதற்குக் காத்திருக்கக் கூடாது. டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்ற பயம் வேண்டாம். அந்த வேலையைச் செய்ய உடலில் வேறு பல இடங்கள் உள்ளன.

மூன்று எச்சரிக்கைகள்

தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்துகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கலந்த வலி மருந்து ஆகாது.

கடைசியாக, நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒன்று. "மே மாத லீவில் ஊருக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். ஊரில்தான் ஆபரேஷன் என்று முடிவானால், இரண்டு வாரமாவது அங்கேயே தங்குங்கள். புண் ஆறும் 5 முதல் 10 நாட்களுக்குள் ரத்தக்கசிவு ஏற்படலாம். ஒன்றரை நாள் ரயில் பயணத்தின் நடுவே அது நேர்ந்தால் உதவி கிடைப்பது கடினம்.

இன்றிரவு குழந்தை தூங்கியதும் விளக்கை அணைக்குமுன், பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சைக் கவனியுங்கள்.