டிக்கெட் விலை வேறு, நாளின் அடக்கம் வேறு

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய மகனோ மகளோ இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், அப்படியே ஃபுளோரிடா மாநிலத்து டிஸ்னி வேர்ல்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணுகிறார்கள். கிளம்புமுன் நம்மிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, அங்கே எத்தனை நாள் தங்கலாம்?" இதற்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டபடியால், கணக்காகவே எழுதிவிடுகிறோம். இதில் ஒரு வியாபாரப் பாடமும் இருக்கிறது. அதை நாம் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

முதலில் இடத்தைப் பற்றி. ஆர்லாண்டோ நகரை ஒட்டிய டிஸ்னி வேர்ல்ட் என்பது ஒரே பூங்கா என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பவை நான்கு. 1971-ல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-ல் எப்காட், 1989-ல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்படுவது, 1998-ல் அனிமல் கிங்டம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பஸ்ஸிலோ காரிலோ போகலாம். தண்ணீர்ப் பூங்காக்கள் இரண்டு தனி.

இவ்வளவு இடம் எப்படி வந்தது என்பது வியாபாரிகள் அறியவேண்டிய கதை. வால்ட் டிஸ்னி 1955-ல் கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் முதல் பூங்காவைத் திறந்தபோது வாங்கியிருந்தது ஏறக்குறைய 160 ஏக்கர்தான். கூட்டம் வந்தது. ஆனால் பூங்காவைச் சுற்றிலும் பிறர் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் போட்டு, வந்த கூட்டத்தின் காசில் பெரும்பங்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த அனுபவத்தால் ஃபுளோரிடாவில் அவர் பல பெயர்களில் கம்பெனிகளை வைத்து, விலை ஏறிவிடாதபடி ஓசையில்லாமல் சுமார் 27,000 ஏக்கர் வாங்கினார். 1965-ல்தான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். ஆனால் அவர் போட்ட கணக்கு நிலைத்துவிட்டது. வருகிறவன் அங்கேயே தூங்கவேண்டும், அங்கேயே சாப்பிடவேண்டும், பொம்மையையும் அங்கேயே வாங்கவேண்டும்.

டிக்கெட்டின் போக்கும் இதையே ஒட்டியது. ஆரம்பத்தில் ஏ முதல் இ வரை எழுத்திட்ட கூப்பன் புத்தகம் விற்றார்கள். சாதாரண ராட்டினத்துக்கு ஏ கூப்பன், பெரிய சவாரிக்கு இ கூப்பன். 1982-ல் அதை நிறுத்திவிட்டு, ஒரே கட்டணம், உள்ளே எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள் என்றார்கள். அதுவரை ராட்டினத்தை எண்ணி விற்றவர்கள் அதற்குப் பிறகு நாளை எண்ணி விற்றார்கள்.

2005-ல் அவர்கள் கொண்டுவந்த விலைப்பட்டியலைப் பாருங்கள். பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒரு நாள் 59.75 டாலர். நான்கு நாள் 185. ஐந்து நாள் 193. ஆறு நாள் 196. ஏழு நாள் 199. பத்து நாள் 208. ஐந்தாம் நாளின் விலை எட்டு டாலர். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் தலா மூன்று டாலர். மொத்த வியாபாரம் செய்கிற நமக்கு இதைப் பார்த்ததும் புரிந்திருக்கவேண்டும். பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இனாம் என்று கம்பெனிக்காரர்கள் நம் கடைக்குக் கொண்டுவருகிற அதே ஸ்கீம்தான். அதே ஊரில் யூனிவர்சல் கம்பெனிக்கு அப்போதே இரண்டு பூங்காக்கள் இருந்தன. கடல் உயிரினங்களைக் காட்டும் ஸீ வேர்ல்டும் இருந்தது. ஒரு வாரம் தங்க வந்த குடும்பம் நான்கு நாளில் டிஸ்னியை முடித்துவிட்டு அங்கெல்லாம் போகும். ஐந்தாம் நாள் இங்கே எட்டு டாலர், எதிர்க்கடையில் அதைப்போல் பல மடங்கு என்றால் யார் கால் வெளியே போகும்?

அந்த 2005 ஜூனில் நாமும் நம் வீட்டிலும், 14 வயதும் 11 வயதுமான பிள்ளைகள் இருவருமாக நாலு பேர் போனோம். அட்லாண்டாவில் இருந்த மைத்துனர் காரைக் கொடுத்தார். நான்கு நாள் போதும் என்றுதான் அவரும் சொன்னார். நாமோ பட்டியலைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, ஆளுக்குப் பதினான்கு டாலர் கூடப் போட்டால் மூன்று நாள் கிடைக்கிறது, விடுவதா?" என்று ஏழு நாள் டிக்கெட்டாக எடுத்தோம். நாலு பேருக்கும் சேர்த்து அதிகமாகக் கொடுத்தது 56 டாலர்.

முதல் நான்கு நாளும் ஓய்வில்லாமல் நடந்தோம். அங்கே ஒரு நாளில் 12, 15 கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். எப்காட்டில் பதினொரு நாடுகளின் மண்டபங்கள் உள்ள ஏரியை ஒரு சுற்று சுற்றினாலே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஐந்தாம் நாள் மறுபடியும் மேஜிக் கிங்டம் போய், ஏற்கெனவே ஏறிய சவாரிக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். நம் வீட்டில் கால் வீங்கிப்போய் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று இரவு சின்னவனுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் முழுவதும் அறையில். ஏழாம் நாள் மதியம் போனால், ஃபுளோரிடாவின் ஆனி மாதத்து இடிமழை பிடித்துக்கொண்டது. மின்னல் இருக்கும்வரை திறந்தவெளிச் சவாரிகளை ஓட்டமாட்டார்கள். நனைந்துகொண்டு திரும்பினோம்.

ஊர் வந்து கணக்கெழுதும்போதுதான் கண் திறந்தது. அந்த மூன்று நாளுக்கு அறை வாடகை நாளுக்கு 80 வீதம் 240 டாலர். சாப்பாடு 180. பெட்ரோல், கார் நிறுத்தும் கட்டணம் 40. டிக்கெட்டில் 56. ஆக 516 டாலர். அன்றைய மதிப்பில் 22,000 ரூபாய்க்கு மேல். ஒரு மூட்டைக்கு அடக்கம் போடும்போது கொள்முதல் விலையோடு லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், வட்டி எல்லாம் சேர்த்துப் பார்க்கிற நாம், மூன்று டாலர் என்று சீட்டில் எழுதியிருந்ததையே ஒரு நாளின் அடக்க விலை என்று எடுத்துக்கொண்டோம். இதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஸ்கீமுக்காக எடுத்த சரக்கு குடோனில் தங்கிப்போனால் கம்பெனிக்காரனையா திட்டமுடியும்?

ஆகவே நாளை முதலில் முடிவு செய்துகொண்டு, டிக்கெட்டைப் பிறகு பார்க்கவேண்டும். நம் கணக்கு இது. பூங்காவுக்கு ஒரு நாளாக நான்கு நாள். இரண்டு பூங்கா முடிந்ததும் நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. அன்றைக்கு விடுதி நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாடட்டும், பெரியவர்கள் தூங்கட்டும். நம் ஊரிலிருந்து நேராகப் போகிறவர்கள் வந்து இறங்கும் நாளில் பூங்காவுக்குள் காலே வைக்கக்கூடாது. கோடையில் அங்கே நம் கடிகாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். மத்தியானமே தூக்கம் கண்ணை அழுத்தும். திரும்பும் நாளும் பயணத்துக்கே. ஆக ஆறு இரவு.

இதில் கூட்டல் கழித்தல் உண்டு. குழந்தைகள் மிகச் சிறியவர்களானால் மூன்று நாளே போதும், ஏனெனில் பெரிய சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. ஸ்பேஸ் மவுண்டனில் ஏற 112 செ.மீ. வேண்டும். ஊரிலேயே பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டுப் போங்கள். ஹாலிவுட் ஸ்டுடியோஸில் குள்ளப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது குறைவு, அந்த நாளை விட்டுவிடலாம். அனிமல் கிங்டம் பரப்பில் பெரியது, சவாரிகள் சில. காலையில் போனால் மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் முடிந்துவிடும். மேஜிக் கிங்டம் மட்டும் காலை முதல் இரவு வாணவேடிக்கை வரை முழு நாளையும் கேட்கும். எந்தப் பூங்காவானாலும் திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நிற்கவேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் முடிவதைப் பிற்பகலில் முடிக்க அதைப்போல் இரண்டு பங்கு நேரம் ஆகும். ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறவனுக்கும் ஆறு மணிக்குத் திறக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

விலை முறை இப்போது மாறிவிட்டது. 2018 அக்டோபரிலிருந்து பல நாள் டிக்கெட்டும் தேதிக்குத் தேதி விலை மாறுகிறது. 2025-ல் ஒரு நாள் டிக்கெட் பூங்காவையும் தேதியையும் பொறுத்து 119 டாலர் முதல் 199 டாலர் வரை விற்றது. உச்சம் கிறிஸ்துமஸ் சமயத்தில். ஆனால் நாள் கூடக் கூட, நாளொன்றுக்கு விலை குறையும் அந்தப் பழைய ஸ்கீம் மட்டும் அப்படியே இருக்கிறது. வரிசையில் நிற்காமல் போக லைட்னிங் லேன் என்று தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள். கூட்ட நாளில் போக நேர்ந்தால், இன்னொரு நாள் தங்கும் செலவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சில குடும்பங்களுக்கு இதுவே மலிவாக முடியும். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. மூன்று முதல் ஒன்பது வரை குழந்தைக் கட்டணம்.

யூனிவர்சல் கம்பெனியும் 2025 மே மாதம் எபிக் யூனிவர்ஸ் என்று மூன்றாவது பூங்காவைத் திறந்துவிட்டது. நான்கும் மூன்றும் ஏழு, ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நம் 2005-ஐ நினைத்துக்கொள்ளவும்.

மற்ற ஊர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அனஹைமில் இரண்டு பூங்கா எதிரெதிர் வாசல். இரண்டு நாள், சாவகாசமாகப் பார்த்தால் மூன்று. டோக்கியோவிலும் இரண்டு பூங்கா, இரண்டு நாள். ஹாங்காங் டிஸ்னி ஒன்றே, ஒரு நாள். சிங்கப்பூர் செந்தோசாவில் 2010-ல் வந்த யூனிவர்சல் பூங்கா சுமார் 50 ஏக்கர்தான். ஒரு நாளே தாராளம். அங்கே இரண்டு நாள் டிக்கெட் எடுத்தோம் என்று யாராவது சொன்னால் நாம் சிரித்துவிடுவோம்.

எப்போது போவது என்பதையும் கேட்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்க்கவேண்டியிருப்பதால் மே மாதம் முதல் மூன்று வாரம் தோது. அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் அப்போது மூடியிருக்காது. மே கடைசித் திங்கட்கிழமை அவர்களுக்கு விடுமுறை, அந்த வார இறுதியில் கூட்டம் ஏறும். வெயில் இருக்கும், நம் ஊர் அக்கினி நட்சத்திரம் பார்த்தவர்களுக்கு அது பெரிதல்ல. பள்ளிப் பிள்ளை இல்லாதவர்கள் பொங்கல் வியாபாரத்தை முடித்துவிட்டு ஜனவரிக் கடைசியில் போகலாம். கூட்டமும் விலையும் குறைவு, நடக்கவும் குளிர்ச்சி.

2024 மே மாதம் மகள் குடும்பத்தோடும் ஆறு வயதுப் பேத்தியோடும் மறுபடி போனபோது நாம் எடுத்தது நான்கு நாள் டிக்கெட்தான். டிக்கெட் எடுக்கும்போது, ஐந்தாவது நாளுக்குக் கொஞ்சம்தான் கூட வருகிறது, போட்டுவிடலாமா என்று மருமகன் கேட்டார். நம் வீட்டில், நாம் வாய் திறக்குமுன்னே, "வேண்டாம் மாப்பிள்ளை" என்றார்கள்.