லாரி ஓட்டலாம் என்று முடிவெடுக்கும் முன்

நாவலூரில் ஓ.எம்.ஆர். ஓரம் நின்றால் தண்ணீர் லாரிகளைத்தான் அதிகம் பார்க்கலாம். அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆசைப்படுகிறவருக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கட்டாயம் 2019-இல் நீங்கிவிட்டது. படிவம் 1ஏ-யில் டாக்டர் சான்று தேவை.

7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. எனப்படும் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சின்ன வண்டியில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

ஹெவி பயிற்சிக்குக் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் மையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையமும் உண்டு. 'ஓட்டவே வேண்டாம், லைசென்ஸ் கைக்கு வரும்' என்பவர்களிடம் சிக்க வேண்டாம். பாதி நிரம்பிய டேங்கரில் சட்டென்று பிரேக் போட்டால், தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியையே தள்ளும். இதை லைசென்ஸ் அட்டை சொல்லித் தராது! சில வாரம் கிளீனராகப் போய்வந்தால் புரியும். இரவுத் தூக்கம் கெடுவதும் அப்போதே தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேரும்போது கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: மாதச் சம்பளமா, நடைக்கு இவ்வளவா? பேட்டா தனியா? அபராதம் யார் தலையில்? ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனமென்றால், 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலையாக இருந்தது.

வண்டி எந்த ஆண்டுத் தயாரிப்பு என்றும் விசாரிக்கலாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம்.