ஆள் வரும்வரை காத்திருக்காத வேலைகள்

தனியாக வீடும் கொல்லையும் நடத்தும் பெண் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று பட்டியல் போட்டால் மாளாது. பிளம்பிங், வயரிங், மரம் ஏறுவது, கோழி, மீன், கணக்கு, வில்லேஜ் ஆபீஸ் என்று நீண்டுகொண்டே போகும். அத்தனையையும் ஒருத்தி கற்க முடியாது, கற்கவும் வேண்டாம். ஒரே கேள்வியை வைத்துத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆள் வரும்வரை இந்த வேலை காத்திருக்குமா? காத்திருக்காது என்றால் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். காத்திருக்கும் என்றால் கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாம். அதில் உங்களுக்கு எந்தக் குறைச்சலும் இல்லை.

இதைக் கொச்சியை ஒட்டிய வைப்பினை வைத்துச் சொல்கிறேன். ஒருபக்கம் அரபிக்கடல், மறுபக்கம் காயல், நடுவில் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கும் மணல் தீவு. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை எர்ணாகுளம் போகப் படகுதான் நேர்வழி. ஆண்கள் கடலுக்கோ வளைகுடாவுக்கோ போய்விட, பெண்கள் வீட்டை நடத்துவது அங்கே புதிதல்ல. 1982 ஓணக் காலத்தில் மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயம் வைப்பினில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, இன்னும் பலரின் கண்பார்வையைப் பறித்தது. அந்த ஓணத்தோடு எத்தனையோ வீடுகளில் முழுப் பொறுப்பும் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. கற்றுக்கொள்ள யாரும் அவகாசம் தரவில்லை. அதனால்தான், அவகாசம் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

முதலில் தண்ணீர். கொச்சியில் வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஆனாலும் பிப்ரவரி, மார்ச் வந்தால் தீவின் கிணறுகளில் உப்பேறிவிடும். குடிநீர் கேட்டுப் பெண்கள் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தது அங்கே பலமுறை நடந்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் கேட்டுப் போராடுவது நியாயம். கூடவே கூரைத் தண்ணீரையும் பிடித்து வையுங்கள். கணக்கு எளிது. 600 சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 55 லிட்டர் விழும். சிதறுவது, வழிவது போக 45 லிட்டர் தேறும். ஒரு நல்ல மழை நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டருக்கு மேல். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பினால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தலைக்கு 10 லிட்டர் என்று நாலு பேருள்ள வீட்டுக்கு 250 நாள் வரும். துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை முடியும்போது தொட்டி நிறைந்திருந்தால் கோடை முழுக்கக் கவலை இல்லை.

தொட்டியைக் கட்ட ஆள் போதும். அதைப் பேணும் வேலை உங்களுடையது. சீசனின் முதல் இரண்டு மூன்று மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். கூரையில் கிடக்கும் காக்கை எச்சமும் இலைத்தூளும் அதோடு போகட்டும். மழைக்கு முன்பே கூரைத் தகரக் கால்வாயைக் கூட்டித் துடையுங்கள். வெளிச்சம் புகாத மூடி வேண்டும், வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் சாதாரண அளவு. வெள்ளம் வடிந்த பிறகு 5 கிராம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் இரண்டு மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 6,300 லிட்டர். அதற்கு 16 கிராம் போதும். பவுடரை வாளித் தண்ணீரில் குழைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கலாம்.

அடுத்தது மோட்டார். "நாளைக்கு வர்றேன் சேச்சி" என்று சொன்ன எலக்ட்ரீஷியன் மூன்று நாள் கழித்து வந்து, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! அந்த ஐந்து நிமிட வேலை பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் அடிவால்வு கசிந்து குழாய் காலியாகியிருக்கும். மேல் மூடியைத் திருகி, வழியும்வரை தண்ணீர் ஊற்றி மூடினால் இழுக்கும். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். அரை நிமிடம் விட்டாலே காயில் கருகத் தொடங்கும். மெயினையும் இறக்கிவிட்டு, பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பெரும்பாலும் துருதான் காரணம், மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தால் விடுபடும். விசிறி தாராளமாகச் சுற்றுகிறது, ஆனாலும் முனகல்தான் என்றால் கெபாசிட்டர் போயிருக்கும். அதை மாற்றுவதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஏனென்றால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும்.

உப்புக்காற்று அடிக்கும் ஊரில் சாதாரண இரும்புத் திருகு ஒரு மழைக்காலத்தில் தலை கரைந்து போகும். பிறகு ஸ்க்ரூடிரைவர் அதில் பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளைத் திருகுகளாக வாங்கி, போடும்போதே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயோ கிரீஸோ தடவுங்கள். டெஸ்டர், கட்டிங் பிளையர், ஒரு பைப் ரெஞ்ச், ஹாக்சா பிளேடு, டெஃப்லான் டேப், ஒரு நல்ல டார்ச். இதற்குமேல் கருவி வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அடுக்களையிலேயே வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் நான் கறாரானவள். வீட்டு மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் வேறு எந்தச் செலவையும் தள்ளிவைத்து அதை முதலில் போடுங்கள். நம் வீடுகளில் இ.எல்.சி.பி. என்போமே, அந்த இடத்தில் இருப்பது இதுதான். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது, மாற்றிவிடுங்கள். ராத்திரியில் தானாக விழுந்தால் பயப்பட வேண்டாம். எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது மறுபடி விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கிவைத்துவிட்டு விடியும்வரை நிம்மதியாகத் தூங்கலாம். கம்பி அறுந்து கிடந்தால் அருகே போகாமல் 1912-க்குப் பேசுங்கள். கேஸ் கசிந்தால் 1906. இந்த இரண்டையும் 112-ஐயும் பெண்கள் உதவி எண்ணான 181-ஐயும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள். போனில் சார்ஜ் போனால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்தாவது கூப்பிடலாம்.

வைப்பின் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விருச்சிக மாதத்தில், அதாவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, வேலியேற்றம் எனும் கடலேற்றம் கால்வாயைத் தாண்டி முற்றத்துக்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதிகம். நாள்காட்டியில் அந்த நாட்களை இப்போதே வட்டமிடுங்கள். மோட்டாரை மேடை கட்டி உயர்த்துங்கள், கீழ்வரிசைப் பிளக் பாயிண்டுகளை இடுப்பளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். தண்ணீர் படியேறுவது தெரிந்தால், கால் நனைவதற்கு முன்பே மெயினை இறக்க வேண்டும்.

உப்பேறிய கொல்லையில் காய்கறி வராது என்று சலித்துக்கொள்பவர்களுக்குப் பொக்காளி நெல் வயல்தான் பாடம். 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நெல்லுக்கு ஏப்ரலில் வயலை வடியவிட்டு மண்ணை மேடு மேடாகக் குவிப்பார்கள். ஜூன் மழை மேட்டின் உப்பைக் கழுவி இறக்கிய பிறகுதான் விதை. கொல்லையிலும் அதே முறை செல்லும்: மே மாதத்திலேயே முழங்கால் உயரத்துக்குப் பாத்தி எழுப்பிவிட்டு, ஒரு மாத மழைக்குப் பிறகு வெண்டையும் பயறும் போடுங்கள்.

இனி வருமானம். தேங்காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் கேரளம் முழுக்க உண்டு. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் தோழர்கள்' பயிற்சியைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சியில் பெண்களும் சேர்ந்து, இயந்திரத்தை மாட்டிக்கொண்டு மரம் ஏறக் கற்றார்கள். கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் உருவான இயந்திரம் அது. இரண்டு காலுக்கும் தனித்தனிப் பாகம், மரத்தைச் சுற்றிக் கம்பிக் கயிறு. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை சொந்த மரங்களைப் பறிப்பதோடு, அக்கம்பக்கத்துக்கும் ஏறினால் தினக்கூலியாகவே நிற்கும். வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். ஒரு விதி மட்டும் மீறக் கூடாது: கீழே இன்னொருவர் நிற்காமல் ஏறாதீர்கள், ஈர மரத்தில் ஏறவே வேண்டாம். கிணற்றுக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் இறங்கும் வேலை என்றைக்குமே உங்களுடையது அல்ல.

மீன் வளர்க்கக் கற்க, தீவிலேயே உள்ள ஞாறக்கல் போக வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கீழுள்ள வேளாண் அறிவியல் நிலையம் 1976-லிருந்து அங்கே இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் புதுச்சேரியில் வந்தது. இரண்டே வருடத்தில் இந்தத் தீவுக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. கரிமீன், காளாஞ்சி வளர்க்கும் கூடு, குளம் எல்லாவற்றுக்கும் அங்கே கேட்கலாம். காயலுக்கு அந்தப்பக்கம் மூத்தகுன்னத்தில் அதே ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு சுயஉதவிக் குழுப் பெண்கள் சிப்பியும் கல்லுமக்காயும் வளர்க்கிறார்கள். பீலிங் ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க இறால் உரித்து, உரித்த அளவுக்குக் கூலி வாங்குவதைவிட இது மேல் என்பதே என் எண்ணம், ஆனால் இதிலும் காத்திருக்காத நேரம் ஒன்று உண்டு. விடியலுக்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அப்போது போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றுக்குத் தவித்தால், அன்று தீவனத்தை நிறுத்திப் புதுத்தண்ணீர் விடுங்கள். எட்டு மணிக்குப் போனால் செத்து மிதப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

கூடு கட்டி மீன் வளர்ப்பது ஒருத்தியால் ஆகிற காரியம் அல்ல. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ எனும் பெண்கள் குழு அமைப்பு கேரளத்தின் எல்லாப் பஞ்சாயத்திலும் இருக்கிறது. நாலு முதல் பத்துப் பெண்கள் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து நிலமோ நீரோ குத்தகைக்கு எடுக்கலாம், வங்கிக் கடனும் பெறலாம். கிசான் கிரெடிட் கார்டு இப்போது மீன், கோழி, மாடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது. வரவுசெலவு நோட்டில் உங்கள் கூலியையும் ஒரு செலவாக எழுதுங்கள். அன்றைய ஊர்க் கூலி விகிதத்திலேயே எழுதுங்கள். அதைக் கழித்த பிறகும் மிஞ்சுவதுதான் லாபம். மிஞ்சவில்லையென்றால் எந்த வேலையை விட வேண்டும் என்று நோட்டே காட்டிவிடும்.

கடைசியாகக் காகிதம். நிறையப் பெண்கள் வழுக்குவது இங்கேதான். மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு அப்பா சொத்தில் ஆண்மக்களோடு சம பங்கு உறுதியானது. 2005 சட்டத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் இந்து மகள்களுக்குச் சம உரிமை தந்தது. உரிமை இருந்தும், நிலம் இறந்துபோனவர் பெயரிலேயே வருடக்கணக்கில் கிடந்தால் கடனும் கிடைக்காது, வெள்ள நிவாரணமும் இழுபடும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு எனும் பெயர் மாற்றத்தை முடித்து, உங்கள் பெயரில் கரம் (நிலவரி) கட்டி ரசீது வாங்குங்கள். மின் இணைப்பு, கேஸ் இணைப்பு, வங்கியில் பதிந்த போன் நம்பர் எல்லாம் உங்கள் பெயருக்கும் உங்கள் போனுக்கும் மாறட்டும். இதை ஆற்றமாட்டாத துக்கத்தில் செய்யச் சொல்வது கடுமையாகத் தெரியலாம். அதனால்தான், கணவர் உயிரோடு இருக்கும்போதே கூட்டுப் பெயரில் மாற்றுங்கள் என்கிறேன்.

அசல் ஆவணங்களை வெள்ளம் எட்டாத உயரத்தில், கனத்த பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஆதார், கர ரசீது, பாஸ்புக் மூன்றுக்கும் நகலெடுத்து ஒரு தனிப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்க ஞாறக்கல் போய் வாருங்கள்.