பறவையினமும் பாட்டும்

பறவைகளை இனம் பிரித்தறியப் புகுவார் பெரும்பாலும் அலகு, கால், இறகு, நிறம் என்பவற்றையே நோக்குவர். பஞ்சடைத்துப் பேழையில் வைத்த தோல் வேறென்ன சான்று கூறும்? ஆயினும் உயிருள்ள பறவை தன் துணையைத் தேர்வது நம் அளவுகோலைக் கொண்டன்று. பாட்டும் ஆட்டமுமே பெரிதும் அதற்கு வழிகாட்டுகின்றன. இதனை விளக்கக் கதிர்க்குருவிகளினும் தக்க சான்று நாம் அறியோம்.

இங்கிலாந்தில் ஸெல்பர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் குருவானவர், பலரும் ஒன்றென மயங்கிய சிறு குருவிகளில் மூவினம் உண்டென 1768-இல் துணிந்து எழுதினார். மூன்றும் என்றும் மாறாது வெவ்வேறு குரலிற் பாடுதலே அவர் கண்ட பெருஞ் சான்று. அம்மூன்றும் இன்றும் மூவினமாகவே கொள்ளப்படுகின்றன.

இனிப் பச்சைக் கதிர்க்குருவியின் செய்தி இதனினும் வியப்புடைத்து. அது மரமற்ற திபேத்து மேட்டுநிலத்தை வளையமாகச் சூழ்ந்து, இமயம் முதல் ஸைபீரியக் காடுகள் வரை கூடுகட்டி வாழ்கின்றது. தெற்கே இருந்த முன்னோர் மேற்கு வழியாக ஒரு கிளையும் கிழக்கு வழியாக ஒரு கிளையுமாக வடக்கே பரவி, மத்திய ஸைபீரியாவில் மீண்டும் எதிர்ப்பட்டன என்பது 1938-இல் டைஸ்ஹர்ஸ்ட் என்பார் கூறிய கருத்து. இமயத்தில் இதன் பாட்டுக் குறியது, எளியது. வடக்கே செல்லச் செல்ல அது நீண்டு பல சுரங்கள் பெறும்; ஆனால் மேற்கே பெற்ற வளம் ஒன்று, கிழக்கே பெற்றது மற்றொன்று. அண்டை அயலில் வாழ்வனவற்றின் பாட்டு வேற்றுமை மிகச் சிறிது. இரு முனைகளும் கூடுமிடத்திலோ, ஒரு கிளையின் பாட்டைக் கருவியில் ஒலிப்பித்தால் மற்றக் கிளையின் ஆண் அதனைப் பகைவன் குரலாகவே மதிப்பதில்லை என்று டேரன் இர்வின் முதலியோர் 2001-இல் வெளியிட்டனர். உடலிற் காணும் வேற்றுமையோ, சிறகில் ஒரு வெண்கோடா இரண்டா என்னும் அளவினதே!

இவை ஓரினமா, ஈரினமா? சிலர் ஒன்றென்பர், சிலர் கீழைக் கிளையைத் தனியினமாக்குவர். 2014-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, வளையத்தின் இடையே முற்காலத்தில் தொடர்பு அறுந்திருந்ததையும், வடமுனைகளிடையே சிறிது கலப்பு நேர்ந்ததையும் காட்டி, வழக்கைப் பின்னும் சிக்கலாக்கியது. முனைகளை மட்டும் நோக்கின் ஈரினம் என்போர் பக்கமே நாம் சாய்வோம். வளையத்தைத் தெற்கு வழியே சுற்றி வருங்கால் எவ்விடத்திற் கோடு கிழிப்பது என்று அவரை வினவவும் விழைவோம்.

மேலைக் கிளைக் குருவிகள் குளிர்காலத்தில் நம் மேற்கு மலைக் காடுகளுக்கும் வருவன. இலைகளினிடையே அவற்றைக் காண்டல் அரிது. இரட்டை அசையாய் ஒலிக்கும் அழைப்புக் குரலே அவற்றை நமக்குக் காட்டிக்கொடுக்கும்.